இருபத்து நான்கு பேரின் ரத்தம்

நாலாம் நம்பர் லயம், மூன்றாம் வீடு,
பீர்மேடு.
9.1.2025

அன்புள்ள பேத்தி சிஞ்சுவுக்கு,

அம்மாச்சி கத்தரீனாள் எழுதிக்கொள்வது. மாதா தயவில் மூச்சு ஓடுகிறது, கால்தான் ஓடமாட்டேன் என்கிறது. நீ காலேஜுக்கு நல்லேப்பிள்ளி போய்ச் சேர்ந்த சேதியை உன் அம்மை சொன்னாள். போனில் நீ பேசினதெல்லாம் தகரத்தில் மழை விழுகிற மாதிரித்தான் என் காதில் விழுந்தது. இனிமேல் எழுதிவிடு தாயி. இந்த மலையில் கடிதம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். போஸ்ட்மேன் 'உங்களுக்காகத்தான் ஆச்சி இந்த ஏத்தம் ஏறுறேன்' என்று குறைப்படுகிறான். படட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் ஒரு நாளாவது உட்கார்ந்து கறி தின்றாயா? பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு ரத்தம் எடுக்க ரெண்டு நாள் போனாய். மிச்ச நாளெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரேஞ்சு கிடைக்கிற வளைவில் போய் நின்றாய். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. என்ன பிள்ளே என்று கேட்டால், 'கட்டுரை கெடைக்கல அம்மாச்சி' என்றாய். காலேஜ் என்று ஒன்று இருந்தால் அதில் புத்தகம் இருக்க வேண்டாமா? சாவி யார் கையில் இருக்கிறது? விவரமாக எழுது.

இந்த லயத்து வரிசைவீடு முழுக்க நான் சொல்லியாகிவிட்டது, என் பேத்தி மருந்தடிக்கிறவர்கள் ரத்தத்தைச் சோதித்துப் புத்தகம் எழுதப்போகிறாள் என்று. பக்கத்து வீட்டு ஞானப்பூ, 'டாக்டருக்கா படிக்கிறா?' என்றாள். 'அதுக்கும் மேல' என்றேன். தப்பென்றால் நீயே வந்து அவளிடம் சொல்லிக்கொள்.

குளிர் போகவில்லை. கொழுந்து கருகிக் கிடக்கிறது. வெந்நீர் வைத்துக் குளி.

உன் அம்மாச்சி,
கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
20.1.2025

என் அம்மாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டுக்கார சரஸ்வதியம்மாள்தான் முதலில் பார்த்தார். 'ஏங் கண்ணு, இந்தக் காலத்துல லெட்டர் போடற ஆளா? கையெழுத்து முத்து முத்தா இருக்குதே, உங்க அம்மாச்சி டீச்சரா இருந்தாங்களா?' என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன். நம்பவில்லை.

சாவி யார் கையில் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நான் ஒரு ஆராய்ச்சி செய்தால் எனக்கு முன்னால் அதே விஷயத்தை யார் யார் செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்தக் கட்டுரைகளெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கின்றன. தேடினால் தலைப்பு வரும், நாலு வரி வரும். அதற்கு மேல் பூட்டு. சில பூட்டுக்குக் காலேஜ் சாவி வாங்கி வைத்திருந்தது. இந்த வருஷம் அதுவும் புதுப்பிக்கப்படவில்லை. சும்மா திறந்து கிடப்பதும் நிறைய உண்டு. லைப்ரேரியன் சதீஷ் சார் அதையெல்லாம் தேடக் கற்றுக்கொடுத்தார். பழைய ஆராய்ச்சிப் புத்தகங்கள் சோத்கங்கா என்கிற கம்ப்யூட்டர் களஞ்சியத்தில் கிடைத்தன. எழுதினவர்களுக்கே மெயில் அனுப்பிக் கேட்டேன், ரெண்டு பேர் அனுப்பினார்கள். முப்பத்தொன்று படித்துவிட்டேன். கண் எரிகிறது.

கிடைக்காதது ஒன்றே ஒன்று. 1988-இல் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களின் ரத்தத்தைச் சோதித்து, ஒரு கெடுதலும் இல்லை என்று சொன்ன கட்டுரை. நான் படித்த முப்பத்தொன்றில் பத்தொன்பது, 'அந்தக் கட்டுரை காட்டியபடி' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதைக் கையில் வைத்துப் படித்தவர் யாரையும் எனக்குத் தெரியவில்லை. என் கைடு சார், 'அதப் படிக்காம உன் வேலைக்கு அஸ்திவாரமே இல்ல' என்கிறார். ஏப்ரல் முப்பதாம் தேதி சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போய்விடும், உதவித்தொகையும் நின்றுவிடும். அதற்கப்புறம் நான் படிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் போய் உட்கார்ந்தால் லைப்ரரி பூட்டும்வரை அங்கேதான். அலுத்துப்போகிறது அம்மாச்சி.

உங்கள்,
சிஞ்சு


பீர்மேடு,
1.2.2025

அன்புள்ள சிஞ்சு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முப்பத்தொன்று படித்தாயா! நான் பள்ளிக்கூடத்தில் மொத்தமே அஞ்சு புத்தகம்தான் படித்தேன், அதில் ஒன்று அட்டை இல்லாதது.

சும்மா இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கீழே வாசகசாலைக்குப் போனேன். அங்கே ஒரு பையன், என் பேரன் வயசு, போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

'தம்பி, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுல மருந்தடிக்கிறவங்க ரத்தத்தப் பத்தி எழுதின புத்தகம் வேணும்' என்றேன்.

'ஆச்சி, மருந்துக்கடை எதிர்த்தாப்புல இருக்கு.'

'எனக்கு மாத்திரை வேண்டாம்டா. சயன்ஸ் வேணும்.'

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ராசிபலன் போட்ட வாரப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். 'நான் அஞ்சாங்கிளாஸ் பாஸ், இதெல்லாம் ஃபெயிலானவங்களுக்குக் குடு' என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் படுக்கை.

எஸ்டேட் ஆபீசிலும் கேட்டேன். பழைய காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம்.

ஒன்று கேட்கிறேன் பிள்ளே. அந்த 1988 ஆட்கள் எந்தத் தோட்டத்தில் ரத்தம் எடுத்தார்களாம்? அந்த வருஷம் இங்கேயும் ஒரு ஜீப் வந்தது. சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாச்சி


நல்லேப்பிள்ளி,
17.2.2025

அம்மாச்சி, அம்மாச்சி,

கிடைத்துவிட்டது!

சதீஷ் சார்தான் வழி சொன்னார். 'கட்டுரைத் தலைப்ப வச்சுத் தேடுறத விடு சிஞ்சு. அது வந்த பத்திரிகையோட பேர வச்சுத் தேடு. எந்த லைப்ரரி எந்த வருஷத்துப் பத்திரிகைய வச்சிருக்குன்னு ஒரு பொதுப் பட்டியல் இருக்கு' என்றார். தேடினோம். இந்தியாவில் மூன்றே இடம். ரெண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில், முகம் தெரியாத ஒரு லைப்ரேரியன் அம்மா, அலமாரிக்குப் பின்னால் கிடந்த தொகுப்பைத் தூசி தட்டி எடுத்து ஆறு பக்கத்தையும் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கேளுங்கள். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை, 'பீர்மேடு மலையில் ஒரு தோட்டம்' என்று மட்டும் இருக்கிறது. மருந்தடிக்கிறவர்கள் இருபத்து நான்கு பேர். பெயருக்குப் பதில் எஸ்டேட் சம்பளப் பதிவேட்டில் இருக்கிற அவர்களுடைய செக்ரோல் நம்பரையே அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது வரியில் 217. தாத்தாவின் பி.எஃப் அட்டையில் பார்த்த நம்பர்! வயது 36, ஆறு வருஷமாக மருந்தடிப்பு. அது நம் ஆசீர்வாதம் தாத்தாதானே? ரத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். என் தாத்தா ஒரு சயன்ஸ் கட்டுரையில் இருக்கிறார் அம்மாச்சி! சதீஷ் சாரிடம் காட்டினேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஆனால் என் வேலைக்கு இது நல்லதாக முடியவில்லை. டிசம்பரில் நான் எடுத்த முப்பது பேரில் பன்னிரண்டு பேருக்கு ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு சத்து குறைவாக இருக்கிறது. மருந்து உடம்பில் ஏறினால்தான் அது குறையும். கைடு சார் பழைய அட்டவணையைப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்து மருந்து இத விடக் கடுமையானது. அதுக்கே இருபத்து நாலு பேரும் நார்மல். அப்ப உன் கணக்குதான் தப்பு. சாம்பிள் கெட்டுப் போயிருக்கும். பெரிய கெடுதல் இல்லைன்னு எழுதி முடி' என்கிறார்.

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அப்படியே எழுதி முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். முதல் பக்கத்தில் தாத்தாவுக்குச் சமர்ப்பணம் என்று போடுவேன்.

உங்கள்,
சிஞ்சு


பீர்மேடு,
5.3.2025, சாம்பல் புதன்

சிஞ்சு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். இன்றைக்கு நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து நேரே இதை எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

217-இல் இருக்கிற ரத்தம் உன் தாத்தாவுடையது இல்லை. அது என்னுடையது.

அன்றைக்கு ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மருந்தடிக்கிற ஆம்பளைகள் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் இருந்தார்கள். அங்கே போய்க் கூட்டிவர ரெண்டு மணி நேரம் ஆகும். மஞ்சு இறங்கிப் பாதையை மூடினால் ஜீப் போக முடியாது. கங்காணி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் குதித்தார்.

'இருபத்து நாலு நம்பர் எழுதிக் குடுத்திருக்கேன். இருபத்து நாலு கை வேணும். ஊட்டுக்காரன் காட்டுல இருந்தா பொஞ்சாதி வந்து நில்லுங்க!'

'அவருக்குப் பதிலா எங்கிட்டேயா ரத்தம் எடுப்பாங்க?' என்று ஞானப்பூ கேட்டாள்.

'எல்லாம் செவப்புதான் புள்ள. கையப் பார்ப்பாங்களா, மீசையப் பார்ப்பாங்களா? நம்பரச் சொல்லு, கைய நீட்டு. ஆளுக்கு அரை நாள் சம்பளம், பாலும் ரொட்டியும்.'

உனக்கு இது புரியாது. எங்களுக்கு அது புதுசில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் அவன் நம்பரைச் சொல்லி நிற்போம், அவன் வேலையை முடித்துக் கொடுப்போம். கங்காணிக்கு வேலை ஆனால் போதும். அதே மாதிரிதான் ரத்தத்தையும் கொடுத்தோம். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், ஒருத்தர் ஊசி போட்டார். ஜன்னல் ஓட்டைக்குள் கையை விட்டோம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எண்ணினேன், நாங்கள் பொம்பளைகள் பதினோரு பேர். நாங்கள் கொழுந்து கிள்ளுகிறவர்கள், மருந்துக் குழாயைத் தொட்டதே இல்லை. மீதிப் பதின்மூன்று பேரும் ஃபேக்டரி ஆட்கள்.

சாயந்தரம் உன் தாத்தா வந்து சிரித்தார். 'ஏண்டி, எனக்குண்டான ரொட்டியையும் நீயே தின்னுட்டியா?' என்றார். பாதி வைத்திருந்தேன், கொடுத்தேன்.

அடுத்த மாசம் மஸ்டரில் எல்லாரையும் நிறுத்திக் கங்காணி படித்தார்: 'டாக்டருமாரு சொல்லிட்டாங்க. மருந்தடிக்கிறவன் ரத்தம் எல்லாம் நல்ல ரத்தம். இனிமே எவனாவது தலை சுத்துது, வாந்தி வருதுன்னு உக்காந்தா அது சோம்பேறித்தனம்.' உன் தாத்தாவுக்கு அப்போதே வாயில் எச்சில் ஒழுகும், கண் மங்கும், கை நடுங்கும். 'எனக்கு ரத்தம் நல்லா இருக்காம்ல' என்று சொல்லிச் சொல்லியே மருந்து டப்பாவை முதுகில் மாட்டினார். இன்னும் அஞ்சு வருஷம். அதற்கப்புறம் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, உனக்குத் தெரியும்.

அது என் ரத்தம்தானே, உங்களுடையது இல்லையே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். முதல் ரெண்டு வருஷம் எனக்குப் புத்தியில் ஏறவே இல்லை. ஏறினபிறகு வெட்கம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. படித்தவள் என்று பேர் வாங்கினவள் இல்லையா நான்.

தாத்தாவுக்குச் சமர்ப்பணம் என்று போடாதே தாயி. அந்தப் பக்கத்தை என்னால் பார்க்க முடியாது.

கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
16.3.2025

அம்மாச்சி,

உங்கள் கடிதத்தை லைப்ரரியில் வைத்துப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சதீஷ் சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ரெண்டு நாள் கழித்து அவரிடம் பொதுவாகக் கேட்டேன், 'சார், எந்தப் புத்தகத்துலயும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்லாத ஒரு விஷயம் தெரிஞ்சா என்ன செய்யணும்?' என்று. 'அத எழுதித்தான் புத்தகத்துல வைக்கணும். இங்க இருக்கிறது எல்லாம் அப்படி வந்ததுதானே' என்றார்.

கைடு சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். 'ஒரு பாட்டியோட லெட்டர வச்சு முப்பத்தேழு வருஷமா எல்லாரும் எடுத்துக்காட்டுற கட்டுரைய உடைக்க முடியுமா? அன்னிக்கு ரத்தம் குடுத்தவங்க இன்னும் யாராவது இருக்காங்களா? பேரு, நம்பர், யாருக்குப் பதிலாக் குடுத்தாங்க, எல்லாம் எழுதி ஒப்பம் போட்டுக் குடுத்தா பின்னிணைப்பாச் சேர்க்கலாம்' என்றார்.

இதை உங்களிடம் கேட்க எனக்கு மனசில்லை. பெயர் போட்டால் லயம் முழுக்கத் தெரியும். அந்தப் பொம்பளைகள் வீட்டுக்கு நீங்கள் போய், 'உன் புருஷன் நல்லா இருக்கான்னு சொன்னது உன் ரத்தம்தான்' என்று சொல்ல வேண்டும். ஞானப்பூ ஆச்சியிடமும். அவர்கள் புருஷன்மார் குடியில் போனார்கள், காய்ச்சலில் போனார்கள் என்று நம்பிக்கொண்டு இருப்பவர்கள்.

வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். கைடு சார் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்கும் முடிந்தால் போதும் என்று இருக்கிறது.

சிஞ்சு


பீர்மேடு,
29.3.2025

அன்புள்ள சிஞ்சுவுக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

பதினோரு பேரில் இந்த மலையில் மிச்சம் இருப்பது மூன்று பேர். நான், ஆறாம் லயத்து முத்தாத்தாள், ஞானப்பூ. முதலில் முத்தாத்தாளிடம் போனேன். படுத்த படுக்கை. எனக்கு ஒன்று புத்தியில் ஏற ரெண்டு வருஷம் ஆனது என்று சுற்றி வளைத்துப் பேசினேன். அவள் பாதியிலேயே கையை உயர்த்தினாள்.

'எதுக்குடி இம்புட்டு நீட்டுற? என் ரத்தத்த வச்சு எம் மனுஷன ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல வந்த. அவ்வளவுதானே?'

'உனக்குத் தெரியுமா?'

'அஞ்சாங்கிளாஸ் படிச்ச ஒனக்கு அது ஏற ரெண்டு வருஷம் ஆச்சாக்கும். பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காத எனக்கு அந்த மஸ்டர்லயே ஏறிருச்சு. யார்ட்டச் சொல்ல? நீயும் வாயத் தெறக்கல, நானும் தெறக்கல. கொண்டா மைய.'

கட்டைவிரலை வைத்தாள். இன்னொன்றும் சொன்னாள். 'ஒம் பேத்தி கேட்டாளே. நம்மள ஒருத்தி கேட்டாளே' என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான்.

ஞானப்பூ வீட்டுக்கு மறுநாள் போனேன். நாற்பத்தாறு வருஷமாக எங்கள் ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

'எம் புருஷன நான்தான் கொன்னேன்னு எழுதி வாங்க வந்தியா கத்தரீனா?'

'நாம கொல்லல ஞானம். நம்மள வச்சு...'

'எந்திரி. ஒம் பேத்தி பாஸாகிறதுக்கு என் தாலிய மறுபடியும் அறுக்காத. எந்திரி.'

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அவள் அந்தப் பக்கத்து வரிசையில் போய் நின்றாள். காலையில் தண்ணீர் பிடிக்க நான் போனால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறாள். அவள் பெயரை எங்கேயும் போடாதே. அது அவளுடையது.

இதனுடன் வைத்திருக்கும் தாளில் என் வாக்குமூலம், முத்தாத்தாளின் ரேகை, செத்துப்போன எட்டுப் பேர் எந்த எந்த நம்பருக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு நினைவிருப்பது எல்லாம் இருக்கிறது. ஒரு நம்பர் சந்தேகம், அதைச் சந்தேகம் என்றே எழுதியிருக்கிறேன். நானே எழுதினேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒற்று விட்டிருந்தால் திருத்தாதே, அப்படியே போடு. என் பெயரை முழுசாகப் போடு.

இதை எல்லாம் எழுதும்போது ஒன்று மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. டிசம்பரில் நீ முப்பது பேருக்கு ரத்தம் எடுத்தாயே. இப்போது மருந்தடிக்கிறது ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள். அவர்களில் ஒருத்தன் படுத்திருந்தால் இன்னொருத்தன் போய் நிற்பதில்லையா? நீ முகத்தைப் பார்த்து எடுத்தாயா, பட்டியலைப் பார்த்து எடுத்தாயா?

பட்டியலைப் பார்த்து என்றால், ஏப்ரல் முப்பது போனால் போகட்டும் தாயி. இதை அம்மாச்சி சொல்கிறேன், லயம் முழுக்கப் பெருமையடித்த அம்மாச்சி.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
4.4.2025

என் அம்மாச்சிக்கு,

டிசம்பரில் சூப்பர்வைசர் பெயரைப் படித்தார். ஒரு கை வந்தது. நர்ஸ் அக்கா ஊசி போட்டார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் ரத்தம் எடுக்கப்போகிறேன் என்று கைடு சாரிடம் சொல்லிவிட்டேன். 'இந்த வருஷம் உனக்கு இல்ல, தெரியும்ல?' என்றார். தெரியும் என்றேன். உங்கள் வாக்குமூலத்தை ரெண்டு தடவை படித்தார், போட்டோ பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரஸ்வதியம்மாளிடம் அறையைக் காலி செய்கிறேன் என்றேன். 'எதுக்குங் கண்ணு? நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த ஊடு உன்ற ஊடு' என்கிறார். உதவித்தொகை இல்லாமல் எப்படி என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் தேதி நர்ஸ் அக்காவோடு வருகிறேன். முப்பது பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, எந்த ஊர், எத்தனை நாளாக மருந்தடிக்கிறான், தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் ஊசி. எனக்கு இந்தி வராது. உங்களுக்கும் வராது. எப்படியாவது கேட்டுக்கொள்ளலாம்.

சோதித்த முடிவை அவனவன் கையில்தான் கொடுப்பேன்.

சிஞ்சு